நாற்பதில் ஒரு வயிறு

"சேட்டா, கிட்டியோ?" கக்கூஸ் கதவுக்கு வெளியே நின்று மூன்றாவது முறையாக மலையாளத்தில் கேட்டாள் நர்ஸ் ஜோமோள்.

"கிட்டலைங்க அம்மிணி!" உள்ளேயிருந்து ரத்தினசாமியின் குரல் பரிதாபமாக வந்தது.

வாசலில் ஆஸ்பத்திரி ஜீப். ஜோமோள் கையில் நீலப் பெட்டி, காலியாக.

இரண்டு மாதமாக அந்தப் பெட்டிதான் ரத்தினசாமிக்குக் கிரீடம். பெருமாட்டி ஊர் மருத்துவ முகாமில் நாற்பது பேரைச் சோதித்து, இவருடைய வயிற்றுக் கிருமிகளே முதல் தரம் என்று டாக்டர் ஸ்ரீஜா சொல்லிவிட்டார். யாரோ ஒரு நோயாளியின் உடம்புக் காவல்படை புத்தி பிசகி, சொந்தக் குடலையே எதிரி என்று தாக்குகிறதாம். யார் சொந்தம், யார் பகை என்று அதற்குச் சொல்லித் தருவதே குடலில் குடியிருக்கும் நல்ல கிருமிகள்தானாம். ஆகவே வாரம் ஒருமுறை ரத்தினசாமியின் கழிவிலிருந்து கிருமிகளைப் பிரித்து அந்த ஆளின் குடலில் செலுத்தினார்கள். ஆள் யார் என்பது ரகசியம்.

"என்ர வயிறு வாத்தியார் வேலை பாக்குதுங்க" என்று டீக்கடையில் அவர் மார்தட்டாத நாளில்லை. கொடுப்பது எதுவானால் என்ன, கொடை கொடைதானே!

இன்று கடைசித் தவணை. ஒன்பது மணிக்குள் கிளம்பாவிட்டால் இத்தனை வாரமும் விழலுக்கு இறைத்த நீர். நேற்று பக்கத்துச் சித்தூரில் யாருக்கும் தெரியாமல் உள்ளே தள்ளிய ஆறு பரோட்டாவும் இப்போது அசைய மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தன.

மனைவி சுப்பாத்தாள் சுடுதண்ணீர் கொடுத்தாள். நாக்கு வெந்தது. ஒன்பது பூவன்பழம் தின்றார். வயிறு உப்பியது. தோப்பைச் சுற்றி ஓடினார். வாய்க்காலில் கால் பிசகியது.

"வெளக்கெண்ணெய் குடுக்கட்டுங்களா?"

"அய்யோ சேச்சி, வேண்டா! மருந்து குடிச்சா சாம்பிள் கேடாகும்" என்று ஜோமோள் பதறினாள்.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சொம்பு நீண்டது. தம்பி பூபதிராஜாவின் மனைவி பூவாத்தாள், கையில் துணிப்பையோடு நின்றாள்.

ஒரு வேலியோரத் தென்னைக்காகப் பதினொரு வருஷப் பகை. "அந்த ஊட்டுத் தண்ணி என்ர தொண்டையில எறங்காது. என்ர ஊட்டுத் துரும்பு வேலி தாண்டாது" என்று மாரியம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவர் ரத்தினசாமி. கொஞ்ச நாளாகத் தம்பியைக் கண்ணில் காணாததில் அவருக்கு நிம்மதிதான்.

"என்னவாம்?" என்று மனைவியிடம் கேட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் நேராகப் பேசுவதில்லை.

"பழைய சோத்து நீராகாரமுங்க. குடிச்சா உடனே ஆகுமாம்."

"வேண்டான்னு சொல்லிப்போடு!"

ஜோமோள் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு நாற்பது. "பாவம் சேட்டா அந்த ஆள். எலும்பும் தோலுமாக் கிடக்குது."

ரத்தினசாமி வேலிப்பக்கம் ஓர் அடி வைத்தார். முகம் தெரியாத ஒருவன் தன்னை நம்பிக் கிடக்கிறான். இங்கே சொம்பைப் பார்த்துக்கொண்டு வைராக்கியமா?

"கொண்டா இங்க!" கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று குடித்தார்.

பத்து நிமிஷம். கதவு திறந்தபோது அவர் முகத்தில் தேர் நிலைக்கு வந்த களை. ஜோமோள் பெட்டியோடு ஜீப்புக்கு ஓடினாள்.

"சுப்பாத்தா, அங்க சொல்லிப்போடு! சமாதானம்னு நெனைக்க வேண்டாம். ஒரு உசுரக் காப்பாத்தத்தான் குடிச்சேன். என்ர வைராக்கியம் அப்படியேதான் இருக்குது!" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

திரும்பிப் பார்த்தால், பூவாத்தாள் துணிப்பையோடு அதே ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"ஏய், அது என்ர பெட்டி போற வண்டி! அந்த ஊட்டம்மா எதுக்கு ஏறுதாம்?"

பதினொரு வருஷத்தில் முதல்முறையாக பூவாத்தாள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அந்தப் பெட்டி போற கட்டிலுக்குத்தானுங்க மாமா நானும் போறேன். அங்க படுத்திருக்கறது உங்க தம்பிதானுங்க."