ஷெரீப்பின் அலமாரி

திங்கட்கிழமை காலை ஷெரீப் நான்காவது தடவையாக எண்ணிப் பார்த்தார். பதினொன்றுதான். முதல் மூன்று தடவையும் பதினொன்றுதான் வந்தது. ஆனாலும் மனுஷனுக்கு நப்பாசை என்று ஒன்று இருக்கிறதே.

பொது நூலகத்தின் மாடியில், டிவிடிகளை இரவல் கொடுக்கும் படப் பிரிவுக்கு அவர் எழுத்தர். ஜன்னலோரத்துச் சின்ன அலமாரியில் ‘வெஸ்டர்ன்’ என்று தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார். வருகிறவர்கள் கௌபாய் படம் என்பார்கள். அந்த அலமாரி மேல் அவருக்கிருந்த பாசத்தைப் பார்த்துத்தான் கூட வேலை செய்பவர்கள், அந்தப் படங்களில் ஊர்க்காவல் அதிகாரியைக் கூப்பிடுகிற மாதிரி, ஷெரீப் என்று பேர் வைத்தார்கள். மற்றபடி அவர் வாழ்நாளில் எடுத்துச் சுட்ட ஒரே ஆயுதம் ஸ்டேப்ளர்.

அன்று காலை தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. இருபது படங்களுக்குக் குறைவான அலமாரிகள் வெள்ளிக்கிழமை ஆய்வின்போது கலைக்கப்படும், படங்கள் ‘பொது’ என்ற அலமாரியில் சேர்க்கப்படும் என்று இருந்தது. தலைமை நூலகருக்கு ஒரு பழக்கம். எந்தச் சுற்றறிக்கையானாலும் முதல் பக்கத்தை மட்டும் படித்துக் கையெழுத்துப் போடுவார். இரண்டாம் பக்கத்தைக் கிழித்து, எழுதிப் பார்க்கும் காகிதக் கட்டில் சேர்த்துவிடுவார். முக்கியமானது முதல் பக்கத்திலேயே வந்துவிடும் என்பது அவருடைய முப்பது வருஷ அனுபவம்.

“ஒன்பது படம் குறையுதே ஷெரீப்” என்றார். குரலில் துக்கம் இருந்தது, ஆனால் அலமாரிக்கானது இல்லை. அந்த இடத்தில் தன் ஈஸி சேரைப் போடலாம் என்று அவருக்கு வெகுநாளாக ஒரு எண்ணம்.

ஷெரீப் ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடியில் தூசி படிந்து, வெளியே நிற்கும் சைக்கிள்களெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தன. மதிய வெயிலில் அந்தத் தெரு எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் ஆகிவிடும். அதன் கோடியில் ஒருவன் குதிரையை நடத்திக்கொண்டு வருவதை அவர் பல தடவை பார்த்திருக்கிறார். கிட்டே வந்ததும் அது தபால்காரராகிவிடும். அந்தப் பதினொரு படங்களும் போய்விட்டால், வருகிறவர் எப்போதுமே தபால்காரராகத்தான் இருப்பார் என்று அவருக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கும் நூலகத்துக்கும் பத்து நிமிட நடை. கல்யாணமாகி ஆறு வருஷமாக அவர் உலகம் சுற்றியது அவ்வளவு தூரம்தான். மனைவிதான் தினமும் மேற்கே ஒன்றரை மணி நேரம் ரயிலில் போய், தலைமை அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை பார்த்துவிட்டு, இன்னொரு ஒன்றரை மணி நேரம் திரும்பி வருவாள். அங்கேயே மாற்றல் கேளுங்கள் என்று ஆறு வருஷமாகச் சொன்னாள். இரண்டு ஜன்னலும் வெட்டவெளியைப் பார்த்திருக்கும் வீடு ஒன்றைக்கூடப் பேசி வைத்திருந்தாள். அலமாரியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது அவருடைய பதில். சமீபமாக அவள் கேட்பதை நிறுத்தியிருந்தாள். மனசு மாறிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் விஷயத்தைச் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“குதிரை இருந்தா கௌபாய் படம்தானேங்க?”

ஷெரீப்புக்கு ஒரே ஆச்சரியம். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு வெஸ்டர்னையும் பாதிக்கு மேல் பார்த்ததில்லை. முதல் துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்னாலேயே தூங்கிவிடுவாள்.

செவ்வாய்க்கிழமை குதிரை வேட்டை நடந்தது. எட்டு ராஜா கதைகள், ஒரு சர்க்கஸ் படம், மாட்டு வைத்தியர் ஒருவர் வழிதவறிக் குதிரைக்கும் வைத்தியம் பார்க்கும் படம் ஒன்று. இருபத்தொன்று ஆனது. தலைமை நூலகரின் காகிதக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, ‘வெஸ்டர்ன் என்றால்: குதிரை’ என்று எழுதிவைத்தார். எதற்கும் ஒரு விதி கையில் இருந்தால் நல்லதுதானே.

புதன்கிழமை விடிந்ததும் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் வந்துவிட்டார். அந்த அலமாரிக்கு அவர் ஒருவர்தான் நிரந்தர வாடிக்கை. பதினொரு படங்களையும் சுற்றிச் சுற்றிப் பார்த்து முடித்தவர், புதிதாக வந்திருக்கிறதே என்று ஆசையாக ஒரு ராஜா படத்தை எடுத்துப் போயிருந்தார்.

“ராஜா பல்லக்குல வர்றாரு. நாலு பேர் சாமரம் வீசறான். மேல ஒரு பொட்டுத் தூசி இல்ல” என்று டிவிடியை மேஜைமேல் வைத்தார். “வெஸ்டர்ன்னா என்ன தெரியுமா? ஊரைக் காப்பாத்தினவன் அந்த ஊர்ல இருக்க முடியாது. இந்த ராஜா கடைசில முடிசூட்டிக்கிட்டு அங்கயே உக்காந்துட்டாரு.”

இப்படியே விட்டால் வெள்ளிக்கிழமை ஆய்வாளர் முன்னாலும் இதையே சொல்வார். ஷெரீப் ராஜாக்களைத் திருப்பி அனுப்பினார். எண்ணிக்கை பதின்மூன்றுக்கு இறங்கியது. காகிதத்தில் குதிரையை அடித்தார்.

அன்றைக்கும் மனைவிதான் கைகொடுத்தாள். ரயிலில் வந்த களைப்பில் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்.

“குதிரையை விடுங்க. வெளியூர்லேர்ந்து ஒருத்தர் வர்றாரு, தப்பைச் சரி பண்றாரு, கிளம்பிப் போயிடறாரு. கதை அதானே?”

ஷெரீப் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு அந்தப்பக்கம் இத்தனை ஞானம் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறதே என்று நினைத்தார்.

வியாழக்கிழமை காலை அந்த விதியோடு கிளம்பினவர் திகைத்துப் போனார். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்து பிள்ளைகளைத் திருத்திவிட்டுப் போகும் டீச்சர் வெஸ்டர்ன். மாமியார் மருமகள் சண்டையைத் தீர்த்துவைத்துவிட்டு ரயிலேறும் சித்தப்பா வெஸ்டர்ன். ஒரு வாரம் தங்கிக் குடும்பத்தைச் சேர்த்துவைத்துவிட்டு மறையும் பேய், சந்தேகமே இல்லாமல் வெஸ்டர்ன். மதியத்துக்குள் எழுபத்தெட்டு.

அங்கேதான் வினை வந்தது. சித்தப்பாக்களைப் பறிகொடுத்த ‘குடும்பம்’ அலமாரியில் பத்தொன்பதுதான் மிஞ்சியது. ‘மர்மம்’ பதினாறு. ‘காதல்’ பதினெட்டு. தலைமை நூலகர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“ஒண்ணைக் காப்பாத்தப் போய் மூணைக் கலைக்க வெச்சிட்டியேப்பா. நாளைக்கு நான் என்ன பதில் சொல்றது?”

எடுத்ததைத் திருப்பி வைத்தால் ஷெரீப்பின் அலமாரி போய்விடும். வைக்காவிட்டால் மற்றவை போய்விடும். மதியம் மனைவிக்குப் போன் போட்டார். அலுவலக நேரத்தில் போன் செய்தால் கடிந்துகொள்பவள், அன்று பொறுமையாகக் கேட்டாள்.

“அந்த மிச்சத்தையும் உங்ககிட்டயே வெச்சுக்குங்க, பாவம். போகணுமா, இருக்கணுமான்னு ஒரு ஆள் வாசல்ல நிக்கற இடம் எந்தப் படத்துல இருந்தாலும் அது உங்க படம்தான்.”

யோசித்துப் பார்த்தார். அப்படி ஒரு வாசல் இல்லாத படமே நினைவுக்கு வரவில்லை. காகிதத்தில் ‘வாசல்’ என்று எழுதினார். சாயங்காலத்துக்குள் அந்தச் சின்ன அலமாரியோடு இன்னும் மூன்றைச் சேர்த்து நிறுத்தி, இருநூற்றுப் பன்னிரண்டு படங்களும் அதில் குடியேறிவிட்டன. மற்ற அலமாரிகளின் அட்டைகளைப் பிரித்து இழுப்பறையில் போட்டார். இல்லாத அலமாரியை யார் கலைக்க முடியும்? சரிந்த வெயில் எல்லா டிவிடிகளின் முதுகிலும் ஒன்றாக விழுந்தது. இப்போதுதான் அறை முழுக்க வெட்டவெளியாகிவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. ரொம்ப சந்தோஷமாக இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பும்போது மனைவி பையில் எதையோ திணித்தாள். பார்த்தால் தொப்பி. அகல விளிம்பு வைத்த, புதுத் தொப்பி.

“இது எதுக்கு?”

“சாயங்காலம் வெயில் நேரா மூஞ்சில அடிக்கும்.”

நூலகத்திலிருந்து வீடு கிழக்கே. சாயங்கால வெயில் அவர் முதுகில்தான் விழும். ஆனால் தொப்பி கைக்கு வந்தபின் திசையைப் பற்றி யோசிக்கிற ஆளா அவர்?

ஒரே கவலை ரயில் ஓட்டுநர். நேற்று கடைசி நேரத்தில் வந்து, ஷெரீப் தடுப்பதற்குள் ஒரு காதல் படத்தை எடுத்துப் போய்விட்டார். மூன்று மணிக்கு ஆய்வாளர் படியேறி வந்த அதே நேரத்தில் அவரும் பின்னாலேயே வந்தார்.

“துப்பாக்கி இல்ல, குதிரை இல்ல” என்றார் ஓட்டுநர். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆனா கடைசில அந்தப் பொண்ணு எல்லாத்தையும் சரி பண்ணி வெச்சுட்டு, திரும்பிப் பார்க்காம பஸ் ஏறினா பாருங்க. வெஸ்டர்ன்தான் சார்.”

ஆய்வாளர் எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். இருபதுக்குக் குறைவான அலமாரி எதுவும் இல்லை என்று குறித்துக்கொண்டார். தலைமை நூலகர் மூச்சு விட்டார். ஷெரீப்புக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

“இதுதானே இங்க பெரிய அலமாரி?” என்றார் ஆய்வாளர். “அப்ப இரண்டாம் பக்கத்தின்படி செஞ்சிடலாம்.”

ஆய்வாளரின் கண் மேஜைமேல் போனது. குதிரை, வெளியூர் ஆள், வாசல் என்று எழுதியும் அடித்தும் கிடந்த காகிதத்தை எடுத்துத் திருப்பினார்.

“இதோ இருக்கே. உங்ககிட்டதான் இருக்கு, படிக்கலையா?”

படித்தே காட்டினார். ஒவ்வொரு நூலகத்திலும் உள்ள மிகப் பெரிய அலமாரி, அதைப் பராமரிக்கும் எழுத்தருடன், தலைமை அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் திறக்கப்படும் புதிய கிளைக்கு ஆய்வு நாளன்றே மாற்றப்படும். கீழே லாரி நிற்பதாகவும் சொன்னார்.

நான்கு நாள் பாடுபட்டு அவர் காப்பாற்றிய அலமாரியை ஆட்கள் பெட்டி பெட்டியாக இறக்கினார்கள். பதினொன்றாகவே விட்டிருந்தால், படங்கள் ‘பொது’வில் கலந்தாலும் அவர் இங்கேயே இருந்திருப்பார். தலைமை நூலகர் காலியான இடத்தைக் காலால் அளந்துகொண்டிருந்தார், ஈஸி சேருக்கு. ஷெரீப்புக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அதே சமயம் ஒரு கூச்சமான சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. அதை யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

ரயில் ஓட்டுநர் வாசலில் நின்று கையை மட்டும் உயர்த்தினார். ஷெரீப் அந்த வாசலில் ஒரு கணம் நின்றார். பிறகு லாரியில் ஏறினார். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். பார்க்கவில்லை.

தெரு நீண்டுகொண்டே போனது. தூசி கிளம்பியது. லாரி திரும்பியதும் முன்கண்ணாடி முழுக்கச் சூரியன். லாரி ஓட்டுநர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தன்னிடமிருந்த தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, ஷெரீப்பின் பையைப் பார்த்தார்.

“உங்க தொப்பியை எடுத்துப் போட்டுக்குங்க சார். வெள்ளிக்கிழமை எங்க வீட்டுக்காரர் வருவாரு, வெயில் மூஞ்சில அடிக்கும், தொப்பி குடுத்தனுப்பறேன்னு, போன மாசம் வண்டிக்குச் சொல்ல வந்தப்பவே உங்க வீட்டம்மா சொன்னாங்க.”