மாப்பிள்ளை வீட்டுக் குழாய்

குழாயைத் திருகினார் தணிகைவேல். 'புஸ்' என்று காற்று வந்தது. முழுசாகத் திருகினார். இரண்டு சொட்டு விழுந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

"அடியே கலியம்மா! பாத்ரூம் கொழாயில தண்ணி வரலடி!"

கேசரி கிண்டிக்கொண்டிருந்த கரண்டியோடு மனைவி ஓடி வந்தாள். "இன்னாய்யா சொல்ற? அவங்க வில்லியனூரத் தாண்டிட்டாங்களாம். இப்பதான் போன் வந்துச்சு!"

அவங்க என்றால், மண்ணாடிப்பட்டிலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிற பெண் வீட்டார். செலியமேட்டில் நெல்லும் கரும்பும் விளைகிற நிலம் இருந்து என்ன புண்ணியம்? தணிகைவேலின் ஒரே மகன் அரிகரனுக்கு முப்பத்து நாலு வயதாகியும் பெண் அமையவில்லை. இப்போதெல்லாம் நிலத்தை யார் கேட்கிறார்கள்? "பாத்ரூம் அட்டாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். கொல்லைப்புறத்துப் பாத்ரூமை எட்டிப் பார்த்துவிட்டு, காபியைக்கூட முழுசாகக் குடிக்காமல் வண்டி ஏறினவர்கள் எத்தனையோ பேர்.

மனுஷன் வெறுத்துப்போய் மகன் அறையை ஒட்டி நீல டைல்ஸ், ஷவர் எல்லாம் வைத்துப் புது பாத்ரூம் கட்டினார். கட்டிப் பூட்டியும் வைத்தார். சம்பந்தி வந்து பார்க்கும்வரை அதில் யாரும் குளிக்கக்கூடாது என்று உத்தரவு. இந்த இடமும் தட்டிப்போனால் பிள்ளைக்கு இனிமேல் கல்யாணமே கிடையாது என்று கலியம்மாள் நேற்றிலிருந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"சமையக்கட்டுல வருதா?"

"கொட்டுது."

"கொல்லையில?"

"அங்கயும் வருது. இங்கதான்யா வரல."

"மாடியில நான் பாத்துட்டேம்பா," என்று படியிறங்கி வந்தான் அரிகரன். "டேங்கு, வால்வு எல்லாம் சரியா இருக்குது. கொழாயிலதான் ஏதோ கோளாறு."

தணிகைவேலுக்கு அந்தக் கலவரத்திலும் மனசு குளிர்ந்தது. பெண் வீட்டார் வருகிறார்கள் என்றாலே கரும்புத் தோட்டத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிற பிள்ளை, இன்றைக்குச் சட்டையை மடித்து விட்டுக்கொண்டு ஓடியாடுகிறான். அப்பாடா, ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது.

பாகூர் பிளம்பர் எழிலரசனுக்குப் போன் போட்டார்.

"இதோ வண்டிய எடுத்துட்டேன் சார். ஏரிக்கரைகிட்ட வந்துட்டேன்."

பிளம்பர்கள் எல்லோரும் எப்போதும் ஏரிக்கரையிலேயேதான் இருக்கிறார்கள். அவனை நம்பி உட்கார்ந்திருக்க முடியுமா? அதுவும் முப்பது வருஷமாக போர் மோட்டாரோடு மல்லுக்கட்டிய தணிகைவேல், ஒரு பாத்ரூம் குழாய்க்கு அடுத்தவன் கையைப் பார்ப்பதா?

மோட்டார் கொட்டகையிலிருந்து பெரிய ரெஞ்சை எடுத்து வந்தார். குழாயின் வாயில் இருக்கிற சின்ன வலையைக் கழற்றினால் அடைப்பு எடுத்துவிடலாம் என்பது கணக்கு. பிடித்து ஒரு திருப்பு. வலை கழன்று சாக்கடைத் துளைக்குள் போயே போய்விட்டது. குழாயும் பாதி திரும்பி, கோபித்துக்கொண்ட மருமகள் மாதிரி சுவரைப் பார்த்து நின்றது.

"உள்ள காத்து பூந்திருக்கும்பா," என்றான் அரிகரன். "சைக்கிள் பம்பு எடுத்தாரட்டா?"

"எடுத்தாடா ராஜா!"

குழாய் வாயில் பம்பை வைத்துத் துணியைச் சுற்றி, மூச்சைப் பிடித்து அடித்தார் தணிகைவேல். காற்று உள்ளே போனது. உள்ளே போன காற்று தலைக்கு மேலிருந்த ஷவர் வழியாக, கட்டட வேலையின்போது தங்கிய சிமெண்டுத் தண்ணீரையும் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. சம்பந்திக்காகக் கட்டியிருந்த பட்டுக்கரை வேட்டி நாசமானது.

"தூ!" என்று துப்பிவிட்டு ஷவரை இறுக்கி மூடினார். "இது வயக்காட்டு வைத்தியத்துக்குத்தான் சரிப்படும். சாணி கரைங்கடா!"

வயலில் மோட்டார் காற்றை இழுத்துத் தண்ணீர் ஏறாவிட்டால், சாணியைக் கரைத்து உள்ளே ஊற்றுவார்கள். கசிகிற இடத்தைச் சாணி அடைத்துக்கொள்ளும், தண்ணீர் பிடித்துக்கொள்ளும். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் அது. ஆனால் டைல்ஸ் போட்ட பாத்ரூமுக்கு அதைச் செய்து பார்த்தவர் தணிகைவேல் ஒருவராகத்தான் இருக்கும்.

"அய்யய்யோ, வேணாம்யா!" என்று கலியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒனக்கு மோட்டாரப் பத்தி இன்னாடி தெரியும்?"

"அப்பா சொல்றது கரெக்டும்மா," என்றான் அரிகரன். "இந்தக் கொழாய்க்குக் காத்து போறதுக்கு மாடியில ஏர் பைப்பு இருக்குதுல்ல, அது வழியா நான் ஊத்தறேன். நீ கீழயே நில்லுப்பா, முட்டி வலியோட ஏறாத."

கேட்டது ஒரு வாளி. அவன் நாலு வாளி கரைத்து ஊற்றினான். கீழே நின்ற தணிகைவேல் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சையாக ஒரு சொட்டு வந்தது. பிறகு ஒரு வைக்கோல் துண்டு வந்து வாயில் மாட்டிக்கொண்டது. அதோடு நின்றுபோனது.

எழிலரசனுக்கு மறுபடி போன். "ஏரிக்கரைதான் சார்."

வாசலில் கார் நின்றது.

பெண்ணின் அம்மா செல்வகுமாரி கறாரான பெண்மணி. கேசரியைத் தொடவில்லை. "மொதல்ல பாத்ரூமக் காட்டுங்க. எங்க பொண்ணு எம்.காம். படிச்சிருக்கு, கொல்லப்பக்கம் போகாது," என்றாள்.

"அதுக்கின்னாங்க, மெதுவா பாத்துக்கலாம். வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல மோர் சாப்புடுங்க," என்று தணிகைவேல் கதவை மறித்து நின்றார்.

"வாங்கத்தே, நான் காட்டறேன்," என்று அவரை ஓரமாக விலக்கினான் அரிகரன்.

நீல டைல்ஸைப் பார்த்து அந்த அம்மாள் முகம் மலர்ந்தது. 'கடவுளே, பாத்ததோட திரும்பிடணும்' என்று தணிகைவேல் வேண்டிக்கொண்டார். அந்த அம்மாள் ஷவரைத் திருகினாள்.

நாலு வாளியும் ஒன்றாக வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல நாக்கு கூசுகிறது. "சாணியில குளிக்கவாடா பொண்ண வளத்தோம்?" என்ற கூச்சல் மட்டும் தெருக்கோடி வரை கேட்டது. காம்பு வைத்த வெற்றிலை தட்டிலேயே கிடந்தது. கார் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. கலியம்மாள் கூடத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். தணிகைவேலுக்கும் கண் கலங்கிவிட்டது. தன் கையாலேயே பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"வுடுப்பா. எனக்குக் குடுத்து வச்சது அவ்ளோதான்," என்று அவர் தோளைத் தட்டினான் அரிகரன். என்ன பொறுமை, என்ன குணம்! அவருக்கு இன்னும் அழுகை வந்தது.

கார் தெருமுனை திரும்பியதும், எதிரிலிருந்த டீக்கடையில் கிளாஸை வைத்துவிட்டு எழிலரசன் பைக்கில் வந்து இறங்கினான். தணிகைவேல் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தார்.

"பாவி! இம்மாம் நேரம் அங்க குந்திக்கினா இருந்த? எம்புள்ள கல்யாணமே நின்னுபோச்சேடா!"

எழிலரசன் திருதிருவென்று விழித்தான். "இன்னா சார் இப்படிச் சொல்றீங்க? பொண்ணு வூட்டுக்காரங்க கார் கெளம்பனதுக்கப்புறம் வந்தா போதும்னு, அரிகரன் தம்பி நேத்தே சொல்லிட்டாரே!"