காப்பி ஆறுவதற்குள் ஓட வேண்டிய கடிகாரம்

நாமக்கல்,
20-8-1963

மதிப்பிற்குரிய அம்மாபேட்டை மாமா அவர்களுக்கு,

உங்கள் தங்கை மகள் ராசம்மாள் பணிவோடு எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, அக்கா, நான், எருமை, கன்று அனைவரும் நலம். தட்டில் கிடக்கும் கைக்கடிகாரம் ஒன்றுதான் நலமில்லை. அங்கு அத்தை, குழந்தைகள், உங்கள் முழங்கால் வலி ஆகியவற்றின் நிலவரம் அறிய ஆவல். இந்தக் கடிதம் வீட்டில் யாருக்கும் தெரியாது. எல்லோரும் தூங்கிய பிறகு விளக்குத் திரியை இறக்கி வைத்து எழுதுகிறேன். வெளிச்சம் போதவில்லை, எழுத்து கோணியிருந்தால் மன்னிக்கவும். ஒன்பதாம் வகுப்பில் கையெழுத்துக்கு நான்தான் முதல் பரிசு.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கடிகார ரிப்பேர்க்காரரைக் கையோடு அழைத்து வருவதாகவும், அரை மணியில் கடிகாரத்தை ஓட வைத்து உரியவரிடம் கொடுத்து இந்தக் கேலிக்கூத்தை முடித்து வைப்பதாகவும் நீங்கள் எழுதியது நேற்று வந்தது. அம்மா அதைச் சாமி படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டாள். அக்கா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. மாமா, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், ரிப்பேர்க்காரரை அழைத்து வராதீர்கள். காரணம் சொல்கிறேன்.

வைகாசியில் செல்லாயி அக்காவைப் பெண் பார்க்கத் தம்மம்பட்டியிலிருந்து வந்தார்கள் அல்லவா, மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் சண்முகவேலும் அவருடைய அப்பா செல்லமுத்துவும்? பஜ்ஜித் தட்டு காலியானதும் பெரியவர் எழுந்து, "ஊருக்குப் போயிக் கடுதாசி போடறோமுங்க" என்றார். இதற்கு முன் வந்த மூன்று வீட்டாரும் இதையேதான் சொன்னார்கள். அந்த மூன்று கடிதங்களும் இன்னும் நடந்தே வந்துகொண்டிருக்கின்றன போலும். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து அப்பாவின் கண் சண்முகவேல் கையிலிருந்த வெள்ளிக் கடிகாரத்தில் விழுந்தது. பெரியவர் முதல் உலகச் சண்டைக்கு மெசபடோமியா போய்க் கொண்டுவந்ததாம், நின்று பத்து வருஷமாம், மகன் அழகுக்காகக் கட்டி வந்திருந்தார். அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? யூனியன் ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு, பழைய கடிகாரம் கழற்றுவதுதான் உத்தியோகம். "ஏனுங்க மாப்பிள்ள, கடியாரம் நிக்குதாட்டம் இருக்குதுங்களே? குடுங்க, அந்தக் காப்பி ஆறதுக்குள்ள ஓட வெச்சுத் தாரேன்" என்றார். 'மாப்பிள்ளை' என்றதைக் கேட்டுப் பெரியவர் இருமினார். இருமி முடிப்பதற்குள் கடிகாரம் இருபத்தேழு துண்டாகத் தட்டில் கிடந்தது.

காப்பி ஆறி மூன்று மாதம் ஆகிறது. அப்பாவின் வித்தையெல்லாம் சேலத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு புத்தகத்தில் கற்றது. கழற்றுவது எப்படி என்பது முன்பாதி. மாட்டுவது எப்படி என்ற பின்பாதியைக் கரையான் தின்றுவிட்டதாம். அந்தக் கரையான்கள் இந்நேரம் எங்கேயோ நன்றாகக் கடிகாரம் மாட்டிக்கொண்டிருக்கும். அப்பாவோ ஒற்றைக் கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு, அக்காவின் கொண்டை ஊசியால் குத்திக் குத்தி, சக்கரங்களை மண்ணெண்ணெயில் குளிப்பாட்டுகிறார். எங்கள் வீட்டு ரசம்கூட மண்ணெண்ணெய் மணக்கிறது. போன மாதம் ஒரு திருகாணி தெறித்து ராகி மாவில் விழுந்தது. சலித்தும் கிடைக்கவில்லை. ராத்திரி களி சாப்பிடும்போது அப்பாவே கடித்துக் கண்டுபிடித்தார். "கெடச்சிருச்சு!" என்று கத்தினார், பல் உடைந்ததைப் பற்றி மறுநாள்தான் பேசினார். "அந்தக் கடியாரம் ஓடுதோ இல்லியோ, ஒரு நாளைக்கு உங்க வகுறு டிக்கு டிக்குன்னு அடிக்கப் போவுது பாருங்க" என்றாள் அம்மா.

கடிதம் வரவில்லை மாமா. ஆனால் கடிகாரத்தை வாங்கிப்போக ஞாயிறுதோறும் சண்முகவேல் வந்தார். முதல் ஞாயிறு நின்றபடியே கேட்டார். இரண்டாவது ஞாயிறு உட்கார்ந்து கேட்டார். நாலாவது ஞாயிறு ஒரு சீப்பு மலைப்பழத்தோடு வந்து, எருமைக்கு வைத்தியம் பார்த்தார். எருமைக்கு ஒரு நோவும் இல்லை. இப்போதெல்லாம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதுதான் நினைவு வந்து, "அந்தக் கடியாரம்... அவசரமில்லீங்க, நிதானமாப் பாருங்க" என்கிறார். போன வாரம் அக்காவிடம், "எங்க அய்யன் இந்தச் சம்மந்தத்துக்குக் கொஞ்சங் கொஞ்சமா எறங்கி வாராரு. இன்னுங் கொஞ்ச நாளு போவட்டும்" என்றதை நான் கதவுக்குப் பின்னால் தற்செயலாக அரை மணி நேரம் நின்றிருந்தபோது கேட்டேன்.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். இரண்டாவது ஞாயிறு அவர் போனதும் அக்கா என்னிடம், "ராசு, தட்டுல இருந்து ஒரு குட்டிச் சக்கரத்தை எடுத்து ஒளிச்சு வெச்சிரு. எனக்குக் கை நடுங்குது" என்றாள். என் கை மட்டும் இரும்பாலா செய்தது? அன்று முதல் அது என் ஜியோமெட்ரி டப்பாவில் கிடக்கிறது. கணக்கு டீச்சர் ஒருநாள் பார்த்துவிட்டு இதென்ன என்று கேட்டார். கவராயத்திலிருந்து கழன்றது என்றேன். அப்பா எத்தனை வருஷம் முயன்றாலும் மாட்டமாட்டார், அந்த நம்பிக்கை எனக்குண்டு. ஆனால் நீங்கள் அழைத்து வருகிறவர் ஒரு சக்கரம் குறைகிறது என்று ஒரே நிமிஷத்தில் சொல்லிவிடுவார். சக்கரம் கிடைத்தால் கடிகாரம் ஓடும். கடிகாரம் ஓடினால் சண்முகவேல் வரமாட்டார். அக்காவுக்கு ஐந்தாவது வீட்டாரும் கடுதாசி போடுவதாகச் சொல்வார்கள். எனக்கு என்ன கிடைக்கும் என்பதை எழுதவில்லை, அப்பாவின் பெல்ட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் காய்ச்சல் வருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

அத்தைக்கு என் நமஸ்காரம். குழந்தைகளின் தலையை என் சார்பில் ஒருமுறை தடவிக் கொடுக்கவும். நரசிம்மர் புண்ணியத்தில் உங்கள் முழங்கால் நன்றாகி, ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நன்றாகி, நீடூழி வாழ்க.

பயத்துடன்,
ராசம்மாள்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் அப்பா நிற்கிறார். எனக்கு உயிரே போய்விட்டது. கடிதத்தை வாங்கி முழுவதும் படித்தார். கரையான் வந்த இடத்தில் சிரித்தார். பிறகு பீரோவைத் திறந்து ஒரு துணி முடிச்சை எடுத்து என் காதில் வைத்தார். டிக் டிக் என்றது. முடிச்சு இருந்த இடத்துக்கு அடியில் புத்தகத்தின் பின்பாதி, ஒரு கரையான் கடிகூட இல்லாமல். "மொத வாரமே ஓடிருச்சு சாமி. தட்டுல கெடக்கறது நம்மூட்டு ஓட்டைக் கடியாரம். நீ எடுத்ததும் அதோட சக்கரந்தான். செல்லாயி ரகசியம் பேசுனா தெருமுக்கு வரைக்கும் கேக்குது" என்றார்.

ஆகையால் மாமா, மேலே எழுதிய அனைத்தையும் ரத்து செய்துவிட்டு, ரிப்பேர்க்காரரைக் கட்டாயம் அழைத்து வரவும். சண்முகவேல் முன்னால் தட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, இது முடியத் தை மாதம் ஆகும் என்று அவர் சொல்ல வேண்டுமாம். "ஓடற கடியாரத்தை முகூர்த்தத்தன்னிக்கு நானே அந்தக் கையில கட்டி உடறேன்" என்கிறார் அப்பா. அம்மாவிடம் மட்டும் மூச்சு விட வேண்டாம், சந்தோஷத்தில் சண்முகவேலிடமே சொல்லிவிடுவாள்.

டப்பாவிலிருந்து சக்கரத்தை எடுத்து நீட்டினேன். அப்பா வாங்கவில்லை. அது அங்கேயே இருக்கட்டும் என்றார், அக்காவுக்குத் தைரியமாக இருக்குமாம்.