என் மூக்கு இருக்க வேண்டிய இடம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் முகம் தவிர. நீயும் உன் ஸ்டூடியோவும் நலமென்று நம்புகிறேன். போனில் சொன்னால் சிரிப்பாய், அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய ஃப்ளாஷ், ஸ்டாண்டு, வெள்ளைக் குடை மூன்றும் உடையாமல் வந்தன. "பத்து நிமிஷ வேலைதான்க்கா" என்றாய். இன்றோடு நான்கு நாள். வெள்ளிக்கிழமைக்குள் படம் கொடுக்காவிட்டால், கல்லூரியில் என் அடையாள அட்டைப் படத்தையே பெரிதாக்கித் துறைத் தலைவர்கள் வரிசையில் மாட்டிவிடுவார்கள். பதினோரு மீசைகளுக்கு அடுத்து முதல் பெண், ஏதோ திருடி அகப்பட்டவள் மாதிரி. தெருமுனை ஸ்டூடியோக்காரரோ என்னை மாவில் புரட்டி, பத்து வயதைக் குறைத்து, கன்னத்து மச்சத்தையும் துடைத்துக் கொடுத்தார். நல்ல பெண்தான், ஆனால் எனக்கு அவளைத் தெரியாது. இருபத்திரண்டு வருஷம் பாடம் நடத்திய முகம் அந்தச் சுவரில் இருக்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

முதல் நாள் ஃப்ளாஷை நேராக அடித்தோம். சுண்ணாம்பு பூசியதுபோல் வந்தேன். "சுவர்ல அடிச்சுத் திருப்புங்க, வெளிச்சம் மெத்துன்னு வரும்" என்றாய். மெத்தென்றுதான் வந்தது, பச்சையாக. போன மாதம் கூடத்துக்கு அடித்த பெயிண்டை உன்னிடம் சொல்லாதது என் தப்பு. குடையை மாட்டினால், மூக்குக்கண்ணாடியில் இரண்டு குடை விரிந்தது. ஸ்டாண்டை உயர்த்தினதும் கண்ணாடியிலிருந்து குடை போச்சு, உன் அத்தான் வந்தார். நில அளவைக்காரரைக் கட்டிக்கொண்டவள் படத்துக்கு உட்காரவே கூடாதுடா. டேப்பைப் பிடித்து, என் மூக்கு நுனியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் குறி போட்டு, "குடையிலிருந்து நாலடி. மூக்கு இதுக்கு நேர் மேல இருக்கணும், அவ்வளவுதான்" என்கிறார். அவர் "மூணு" என்று சொல்லும்போதெல்லாம் நான் என்னையறியாமல் அரையடி பின்னால் போய்விடுகிறேனாம். முப்பத்தேழு படத்திலும் பல் பிடுங்க வந்தவள் மாதிரி நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறேன். அறுபது பேர் முன்னால் தினமும் நிற்கிறவள், ஒரே ஒரு கண்ணாடிக் கண்ணுக்கு ஏன் பின்வாங்குகிறேன்? எனக்கே புரியவில்லை.

"எண்ணாம எடுங்களேன்!"

"எண்ணாம எப்படிடீ எடுக்கிறது?"

இதில் என் மகள் வேறு, "கொஞ்சம் சிரிச்சாத்தான் என்னம்மா? அப்பா பாவம்" என்றாள். வந்ததே எனக்குக் கோபம். கண்ணாடியைக் கழற்றி, முன்னால் குனிந்து, விரலை நீட்டி, "அப்பாவா பாவம்? நாலு நாளா இங்க உட்கார்ந்திருக்கிறது யாரு?" என்றேன். பளிச்! கை தவறி அமுக்கிவிட்டாராம். கேமராவை மூட்டை கட்டச் சொல்லிவிட்டேன். அந்தப் படத்தை நான் பார்க்கக்கூட இல்லை.

ஆகவே வியாழக்கிழமை முதல் வண்டியில் நீயே வந்துவிடு. அத்தான் உன்னை விசாரித்தார், கையில் டேப்போடு. உனக்கு வருகிறவர்களாவது அசையாமல் உட்காரட்டும் என்று வாழ்த்தும்,

அக்கா

பி.கு.: வர வேண்டாம். கடிதத்தைப் பையில் வைத்தவள் தபாலில் போட மறந்துவிட்டேன், இன்று திங்கள். அத்தான் யாரையும் கேட்காமல் அந்தக் கடைசிப் படத்தைக் கொடுத்துவிட்டார். "அதுல மட்டும்தான் மூக்கு குறிக்கு நேரா இருந்துச்சு" என்கிறார். மாட்டியாகிவிட்டது, நீட்டின விரலோடு. வராந்தாவில் அந்த இடத்தில் மட்டும் பிள்ளைகள் ஓடாமல் நடக்கிறார்களாம். சண்டை போடலாமென்று போய்ப் பார்த்தேன். மச்சம் இருக்கிறது. இவளை எனக்கு நன்றாகத் தெரியும்.