வெறுங்கையோடு போகலாமா

இன்டர்வியூவுக்குத் தயார்படுத்துகிறவர்கள் என்றொரு இனம் சிவகாசிப் பக்கம் செழித்து வளர்கிறது. பக்கத்து வீட்டில் யாருக்காவது அழைப்பு வந்தால் போதும், கூப்பிடாமலே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, காபியை வாங்கிக் குடித்து, கதவைத் தட்டும் விதத்திலிருந்து கைக்குட்டையின் நிறம் வரை சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். இவர்கள் எத்தனை இன்டர்வியூவுக்குப் போனவர்கள் என்கிறீர்களா? ஒன்றுக்குக்கூட இல்லை.

எங்கள் தெரு காசிராஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டாசுக் கம்பெனி மேனேஜர். கம்பெனி மாமனாருடையது. இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு அவரிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, “கல்யாணத்த ஆவணியில வச்சுக்கிடலாமா மாப்பிள்ள?” என்பதுதான். சரியாகப் பதில் சொல்லிவிட்டார். வேலை கிடைத்துவிட்டது.

அவரிடம் வேலை பார்க்கும் பெத்தணனின் மகள் நாகஜோதி வேதியியல் படித்தவள். மதுரைக்கு அந்தப் பக்கம் கேஸ் சிலிண்டர் நிரப்பும் கம்பெனி ஒன்றில், பாதுகாப்பு அலுவலர் வேலைக்கு அவளை அழைத்திருந்தார்கள். இரண்டு வருடம் காத்திருந்து வந்த முதல் அழைப்பு. இதுவும் போனால் அப்பாவோடு பட்டாசுப் பெட்டி ஒட்டப் போக வேண்டியதுதான். மூன்று வாரமாகத் தன் பதில்களைப் போனில் பதிவு செய்து, கேட்டு, திருத்தி, மறுபடி பேசிப் பழகியிருந்தாள். பிள்ளை நன்றாகத்தான் பேசினாள். அப்போது காசிராஜன் வந்தார்.

“ஒங்களப் பத்திச் சொல்லுங்கம்பாக. ஒன்னயப் பத்திச் சொல்லாத தாயி, அவுக கம்பெனியப் பத்திப் புகழ்ந்து சொல்லு. ஆர்டர் எடுக்கப் போனா நாங்க அப்பிடித்தான். எதக் கேட்டாலும் முடியும்னு சொல்லு. முடியாததச் சீசன் முடியவும் பாத்துக்கிடலாம்.”

கடைசியாக ஒரு பையை நீட்டினார். உள்ளே முப்பது அயிட்டம் பட்டாசு கிஃப்ட் பாக்ஸ். டாக்டரைப் பார்க்க, பள்ளிக்கூடத்தில் இடம் கேட்க, பத்திரம் பதிய, எல்லாவற்றுக்கும் நாங்கள் அதைத் தூக்கிக்கொண்டுதான் போவோம். எங்கள் ஊரில் வணக்கம் சொல்லும் முறையே அதுதான்.

“அண்ணாச்சி, அது கேஸ் கம்பெனி. தீப்பெட்டியே கொண்டு போகக் கூடாது” என்றாள் நாகஜோதி.

“பத்த வைக்கவா போற? சும்மா குடுக்கத்தான. கேஸ் கம்பெனிக்காரனுக்குத் தீவாளி கெடையாதா?”

“அண்ணாச்சி அம்புட்டுத் தூரம் சொல்லுதாகல்ல, வாங்கிக்கோ” என்றார் பெத்தணன். வேறென்ன சொல்வார், பாவம்.

மதுரையில் சித்தி வீட்டில் பையை வைத்துவிடலாம் என்றுதான் நாகஜோதி நினைத்திருந்தாள். திருமங்கலத்தில் பஸ் பழுதாகி ஒரு மணி நேரம் நின்றது. நேரமாகிவிட்டதே என்று பையோடு நேரே போய்விட்டாள். கேட்டில் காவலாளி பையைத் திறந்தார். பாதுகாப்பு அலுவலர் வேலைக்கு வந்த பெண்ணின் பையில் சரவெடி, புஸ்வாணம், சங்குசக்கரம். பையை இருநூறு அடி தள்ளி மணலில் வைத்தார். நாகஜோதியை அதற்கும் அப்பால் நிறுத்தினார். மூன்று வாரம் பழகிய பதில்களில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை.

இப்போது அவள் காசிராஜன் கம்பெனியில்தான் பெட்டி ஒட்டுகிறாள். அதே கிஃப்ட் பாக்ஸ். நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. காசிராஜனுக்கும் வருத்தம்தான்.

“தப்பு எம்மேலதான். சின்னப் பெட்டியாக் குடுத்துட்டேன். அம்பது அயிட்டம் குடுத்து விட்டிருக்கணும்.”

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பையின் மேல் துண்டைப் போட்டு மூடினால் கண்டக்டருக்குத் தெரியாது என்று யோசனை சொன்னவன் நான்.

சிரிக்கிறீர்களா? பையைத் திருமங்கலத்திலேயே யாரிடமாவது கொடுத்திருக்கலாம், கேட்டுக்கு வெளியே டீக்கடையில் வைத்திருக்கலாம் என்று படிக்கும்போதே உங்களுக்கும் ஏதோ ஒன்று சொல்லத் தோன்றியதா இல்லையா? அடுத்த வாரம் நாகஜோதிக்கு இன்னொரு இன்டர்வியூ வந்திருக்கிறது. தயவுசெய்து அவள் வீட்டுப் பக்கம் வந்துவிடாதீர்கள். அங்கே இருப்பதே இரண்டு நாற்காலி. ஒன்றில் காசிராஜன் உட்கார்ந்தாயிற்று. இன்னொன்றில் நான்.