வீட்டுக்கு ஒரு லிங்க்

பெரம்பலூர்,
ஆடி 28

சிரஞ்சீவி மருமகன் பரணிதரனுக்கு,

உன் தாய்மாமன் குருநாதன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நலம் இல்லை, ஆகவே ஆவலை மட்டும் எழுதுகிறேன். சென்னையில் நீயும் கீதாஞ்சலியும் குழந்தையும் சௌக்கியமாக இருக்கவேண்டும். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் அழுதாலும் நீ "டேட்டாவப் பாத்துட்டுச் சொல்றேன் மாமா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் நந்தினி ஆரி ஒர்க் ஜாக்கெட் கடை போட்டு இரண்டு மாதம் ஆகிறது. ஆவணி முகூர்த்தத்துக்கு ஆடியிலேயே ஜாக்கெட் கொடுத்துவிடுவார்கள் என்று நம்பித்தான் போட்டாள். ஆடி முடிவதற்குள் ஒரு கல்யாண ஆர்டராவது வராவிட்டால் கடையை மூடிவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டாள். உன் அத்தை கலையரசி போய்ச்சேர்ந்தபிறகு இந்த வீட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடப் பெற்ற மகள் அவள் ஒருத்திதான் இருக்கிறாள். அவளும் போய்விட்டால் நான் சோற்றோடுதான் பேசிக்கொண்டிருக்கவேண்டும்.

இதைச் சொல்லித்தான் உன்னிடம் யோசனை கேட்டேன். கடைக்கு நெட்டில் ஒரு பக்கம் இருக்கும், அதன் லிங்கின் வாலில் ஒரு பெயரைச் சேர்த்து, பேஸ்புக்குக்கு ஒரு வால், இன்ஸ்டாகிராமுக்கு ஒரு வால், வாட்ஸ்அப்புக்கு ஒரு வால் என்று போட்டால், யார் எந்த வழியாக வந்தார்கள் என்று எண்ணிக்கை தெரியும் என்றாய். ஆலத்தியூர் சிமெண்டு ஆலை எடைமேடையில் ஆயுசுக்கும் லாரி எண்ணியவனுக்கு இது புரியாதா? கேட் பாஸ் மாதிரி என்று உடனே பிடித்துக்கொண்டேன். ஆனால் சொந்தக்காரர் எல்லாருக்கும் பொதுவாக ஒரே வால் என்றாயே, அங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. மொத்தமாக ஒரு பத்திரிகை அடித்துத் தெருவில் ஒட்டிவிட்டு வா என்றால் எவன் வருவான்? வீட்டுக்கு ஒன்று, மேலே பெயர் எழுதி வைப்பதுதானே நம் வழக்கம். "அது அதுக்கு இல்ல மாமா, சண்டை வரும்" என்று நீ எவ்வளவோ சொன்னாய். பிடிவாதம் பிடித்து வீட்டுக்கு ஒரு லிங்க் வாங்கி, "குடும்பத்துடன் அவசியம் வரவும்" என்று எழுதி அனுப்பினேன். அன்றிலிருந்து பிடித்தது சனி.

என் பங்காளி வீரமணி துபாயில் இருக்கிறானே, அவன் பெயருக்கு நேரே ஒரே நாளில் இருநூறைத் தாண்டிவிட்டது. ரத்த பாசம் என்று எனக்குக் கண் கலங்கியது. போன் போட்டால், "கேம்ப்புல எல்லாருக்கும் அனுப்பிட்டேண்ணே, ஆம்பள சட்டைக்கு இந்தப் பூவேலை செய்வீங்களான்னு கேக்குறாங்க" என்கிறான். நந்தினி அன்று சாப்பிடவில்லை. அடுத்து உன் அத்தையின் தம்பி, வேப்பந்தட்டை மணிவேல். நாற்பது தடவை வந்திருப்பதாகக் காட்டியது. பெண்ணுக்குக் கல்யாணம் கூடிவிட்டதோ, ஜாக்கெட் பார்க்கிறார்களோ என்று பூரித்துப்போய்க் கேட்டேன். "இல்ல மச்சான், கட கண்ணுக்கு லட்சணமா கூட்டமா தெரியட்டும்னு நானே உக்காந்து அழுத்துனேன். எம் பையன் யூடியூப்ல மாடு வீடியோ போடுறான், நாப்பது தடவ நீங்களும் அழுத்திடுங்க" என்றான். மொய் எழுதியிருக்கிறான் பார், திரும்பச் செய்யவேண்டிய மொய்! இரண்டு நாளாகக் காளை மாடு பார்த்து என் கண் வீங்கிவிட்டது.

இதெல்லாம் போகட்டும். வயிறு எரிவது உன் அம்மாவால்தான். என் கூடப் பிறந்த அக்கா பச்சையம்மாள், அவள் பெயருக்கு நேரே பூஜ்யம். காலையில் பார்த்தால் பூஜ்யம், மாலையில் பார்த்தால் பூஜ்யம். விக்கிரமங்கலத்தில் டவர் இல்லையோ என்று நினைத்தேன். போன வாரம் ஜெயங்கொண்டத்தில் ஒரு காதுகுத்தில் பார்த்தபோது போனை அவளே எடுத்துக் காட்டுகிறாள், நான் அனுப்பியது அப்படியே இருக்கிறது. "இத அழுத்துனா என்னடா ஆவும்?" என்று கேட்டாள். "நீ வந்துட்டன்னு எனக்குத் தெரியும்க்கா" என்றேன். "ஓகோ" என்று போனை மடித்துச் சுருக்குப்பையில் போடாத குறையாக இடுப்பில் செருகிவிட்டு, பந்தியில் வடை தீர்ந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்தில், "தம்பி மகளுக்காக ஒரு வெரலத் தூக்க முடியலல்ல, இனிமே நீ யாரோ நான் யாரோ" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். நான் சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டேன். பசி வேறு.

நேற்று நந்தினி துணி மாட்டும் ஆரி ஸ்டாண்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டாள். நூல்கண்டுகளை எல்லாம் பெட்டியில் அடுக்கிவிட்டாள். ஆவணி பிறந்ததும் பஸ் ஏறுகிறாள். "வாரா வாரம் வரேம்ப்பா" என்கிறாள். அவ்வளவு தூரத்திலிருந்து யார் வாரா வாரம் வருவார்கள்? ஆகவே எல்லா லிங்கையும் அழித்துவிடு. நந்தினிக்கு அங்கே தண்ணீர் ஒழுங்காக வரும் ஹாஸ்டலாகப் பார். உன் அம்மாவுக்கு வரும் தையில் பொங்கல் சீர் கிடையாது என்பதை நீயே பக்குவமாகச் சொல்லிவிடு, எனக்கு அவள் குரலைக் கேட்கவே இஷ்டமில்லை.

குழந்தையை வெயிலில் விடவேண்டாம். கீதாஞ்சலிக்கு என் ஆசிகள். என்னைப்போல் எண்ணிக்கை பார்த்துக் கெடாமல் நீங்கள் எல்லாரும் நீடூழி வாழவேண்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த மாமன்,
குருநாதன்

பி.கு: கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருக்கையில் கடையிலிருந்து நந்தினி போன் போட்டு உடனே வரச் சொன்னாள். ஓடினால், உன் அம்மா மாடிப்படி ஏறிவந்த மூச்சிரைப்போடு உட்கார்ந்திருக்கிறாள். அரியலூர் வந்து பஸ் மாறி வந்திருக்கிறாள். கையில் ஒரு கட்டைப்பை, அதில் ஊரில் ஆவணியில் நடக்கிற மூன்று கல்யாணத்துக்கும் ஜாக்கெட் துணி, அளவு ஜாக்கெட்டோடு. வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கியிருக்கிறாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "ஏங்க்கா, அந்த லிங்க ஒரு தடவ அழுத்தியிருந்தா நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருப்பனா?" என்று கேட்டேன். "நீதானடா சொன்ன, அழுத்துனா வந்துட்டன்னு தெரியும்னு. வூட்டுல உக்காந்துகிட்டு வந்துட்டேன்னு எப்படிடா சொல்றது? அதான் வந்துட்டு அழுத்தலாம்னு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, எங்கள் கண் முன்னால் அழுத்தினாள்.

நந்தினி ஸ்டாண்டை மாட்டிக்கொண்டிருக்கிறாள். மேலே எழுதியது எதையும் உன் அம்மாவிடம் காட்டாதே. லிங்க் எதையும் அழிக்காதே. அவள் பெயருக்கு நேரே இப்போது ஒன்று நிற்கிறது.