பித்தப்பை மேஸ்திரியும் எலுமிச்சை ஊறுகாயும்

கள்ளக்குறிச்சியில் ஆட்டைப் பார்த்தால் கறியை நினைக்காத ஒரே மனிதர் பித்தப்பை மேஸ்திரிதான். அவர் நினைப்பெல்லாம் ஈரலுக்கு அடியில் பச்சையாகத் தொங்கும் அந்தச் சின்னப் பையில்தான்.

சங்கராபுரம் சாலையில் அவருக்கு லேத் பட்டறை. எந்த ஊரிலும் ஆறு மாதம் தங்காத நான், ஏழாவது படிப்போடு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். மோட்டார் வேலையெல்லாம் எனக்கு. அவர் ஓரமாக உட்கார்ந்து ஒரு டாக்டரம்மாவுக்குக் கருவி செய்வார். வயிற்றைக் கிழிக்காமல் சின்னத் துளை போட்டுப் பித்தப்பையை எடுக்கும்போது அதைக் கவ்விப் பிடிக்கும் கருவி. முழ நீளக் கம்பி, முனையில் அரிசி அளவு வாய். இறுக்கினால் பை கிழியும், தளர்த்தினால் வழுக்கும்.

தினமும் காலையில் கறிக்கடையில் நிற்பார்.

"பாய், பித்தப்பை இருக்கா?"

"ஊரே ஈரல் கேக்குது. நீ இன்னாய்யா கசப்ப கேட்டுக்கினு நிக்கிற? பித்தம் தலைக்கு ஏறிடுச்சா?"

"தலைக்கு ஏறல பாய். கையிலதான் நிக்கல."

துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் பையை வைத்து, செல்போன் கேமராவைப் பார்த்தபடி கவ்விப் பழகுவார். ஒரு கல்யாண பஃபே விருந்தில் குலோப் ஜாமூனை நசுங்காமல் கவ்விப் பார்க்க இடுக்கியை எடுத்தவர், பின்னால் வரிசை நிற்பதையே மறந்துவிட்டார்.

பதினேழாவது கருவி பிடித்தது. ஒன்பது பைகளில் ஒன்றுகூடக் கிழியவில்லை. மறுநாள் டாக்டரம்மா வந்து பார்க்க ஏற்பாடு. இதுவும் தேறாவிட்டால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக அவர் முன்பே சொல்லியிருந்தார். மேஸ்திரி கருவியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, பாயிடம் நல்ல பை சொல்லி வைக்கப் போனார்.

எனக்கு மதியம் பழைய சோறு. ஊறுகாய் இருந்தது கல்வராயன் மலைத் தேன் வந்த பாட்டிலில். கடைசித் துண்டு அடியில் ஒட்டிக்கொண்டது. மேஸ்திரி சுற்றி வைத்த துணியைப் பிரித்து, கருவியைப் பாட்டிலுக்குள் விட்டேன். துண்டு வந்தது, கருவியின் வாய் கோணிவிட்டது. குறடால் நிமிர்த்தித் துடைத்து, பழையபடி சுற்றி வைத்தேன்.

மறுநாள் டாக்டரம்மா கவ்வியதும் பை கிழிந்தது. பச்சைத் தண்ணீர் மேசையில் ஓடியது. அவர் முனையை மூக்கருகே கொண்டுபோனார்.

"என்ன மேஸ்திரி, ஊறுகா வாசம் வருது?"

எனக்குக் காது சுட்டது. குனிந்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

மேஸ்திரி என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தாங்க. நேத்து சாப்பிடறப்ப அவசரத்துல எடுத்துட்டேன்."

"இதுல ஊறுகா எடுக்கிறவர நம்பி, நான் எப்படிங்க இத ஒருத்தர் வயித்துல விடுறது?" என்றார் டாக்டரம்மா. பிறகு அவர் வரவில்லை.

ஊர் அவரை ஊறுகாய் மேஸ்திரி ஆக்கியது. பாய் சிரித்தார். கூட நின்று நானும் சிரித்தேன். பட்டினி கிடந்ததை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். இந்தச் சிரிப்பைச் சொல்ல இத்தனை வருஷம் ஆயிற்று.

மூன்றாம் நாள் என் சோற்றுத் தூக்கின் மேல் முழ நீளத்தில் ஒரு இடுக்கி இருந்தது. வாய் கொஞ்சம் அகலம். கம்பி, பதினெட்டாவது கருவிக்கென்று அவர் வாங்கி வைத்திருந்தது.

"பாட்டிலுக்கு இத வச்சிக்க," என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

மறுவாரம் சொல்லாமல் கரியாலூர் பஸ் ஏறினேன். அதன்பின் எத்தனையோ ஊர், எத்தனையோ பாட்டில். அந்த இடுக்கி இன்னும் என் பையில் துணி சுற்றி இருக்கிறது. ஒருநாளும் அதை ஊறுகாயில் விட்டதில்லை.